தைவான் விருந்தினருக்கு சுவர்க்கடிகாரம் பரிசா? ஓசூர்காரங்க தெரிஞ்சுக்க வேண்டியவை

ஓசூர் என்றாலே வாட்ச்தான். டாடா குழுமமும் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய டைட்டனின் தொழிற்சாலை இங்கேதான் இருக்கு. அதனால், வெளிநாட்டு விருந்தினருக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுக்கலாமேன்னு தோணும். கொஞ்சம் பொறுங்க!

ஏன் கூடாது?

சீன மொழியில் கடிகாரம் கொடுப்பதை 'சோங் ஜோங்' என்பார்கள். இறந்தவருக்கு இறுதிக்கடன் செய்வதைக் குறிக்கும் சொல்லுக்கும் அதே ஓசை. அதனால் சீனர்களும் தைவானியர்களும் இதை அபசகுனமாகப் பார்க்கிறார்கள். தைவானின் டெல்டா எலெக்ட்ரானிக்ஸ் ஆலை கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இயங்குவதால், இது நம்ம ஊர் விஷயமும்கூட.

வேறென்ன கவனிக்கணும்?

* எண்: நம்ம மொய்க்கு 101 ரூபாய். சீனர்களின் கல்யாண கவரில் இரட்டைப்படைத் தொகைதான். அதிலும் 4 ஆகாது. ஜப்பானிலும் 4-ன் உச்சரிப்பு சாவை நினைவூட்டும்.
* ரோஜா: ஓசூர் ரோஜா அழகுதான். ஆனால் ஜெர்மானியருக்கு சிவப்பு ரோஜா என்றால் காதல். பிசினஸுக்கு வேண்டாம்.
* முறை: ஜப்பானியர், சீனர், தைவானியருக்கு இரு கைகளாலும் கொடுங்க. உங்க முன்னால் பிரிக்கலைன்னா வருத்தப்படாதீங்க, அது மரியாதைதான்.

என்ன கொடுக்கலாம்?

கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ் டப்பா நல்ல சாய்ஸ். ஆனால் பல நிறுவனங்களில் பரிசுக்கு விலை வரம்பு உண்டு. ஆர்டர் பேசும் நேரத்தில் கொடுத்தால் லஞ்சமாகத் தெரியலாம். முதல்ல விதியைக் கேளுங்க, அப்புறம் வாங்குங்க.