ரிசப்ஷனே கல்யாணமான கதை

தேவாரத்தில் ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் இரண்டு விதமான பேச்சு நடக்கும். ஒன்று, கூடத்தில் உட்கார்ந்து பெரியவர்கள் பேசுவது. முகூர்த்த நேரம், தாய்மாமன் சீர், எந்தப் பங்காளி பெயரைப் பத்திரிகையில் எங்கே போடுவது எல்லாம் அங்கேதான் முடிவாகும். மாப்பிள்ளை நடுவில் வாயைத் திறந்தால், "பெரியவங்க பேசிக்கிட்டு இருக்கோம்ல, போயி டீ வாங்கிட்டு வா" என்று அனுப்பிவிடுவார்கள். இன்னொன்று, மாப்பிள்ளையும் பொண்ணும் செல்போனில் பேசிக்கொள்வது. மேடைக்குப் பின்னால் என்ன நிறத் துணி, உள்ளே நடந்து வரும்போது எந்தப் பாட்டு, கோட் சூட்டா வேட்டி சட்டையா, போட்டோகிராபர் சொல்கிற மாதிரியெல்லாம் நிற்க வேண்டுமா வேண்டாமா... முதல் பேச்சு கல்யாணத்துக்கு. இரண்டாவது பேச்சு ரிசப்ஷனுக்கு.

பாட்டு விஷயத்தில் இந்தப் பக்கத்துக்காரர்களுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. பக்கத்திலிருக்கும் பண்ணைப்புரத்தில் பிறந்தவர் பாவலர் வரதராசன். பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் தம்பிகளோடு ஆர்மோனியமும் கையுமாகப் பாடியவர். அந்தத் தம்பிகளில் ஒருவர்தான் 1943-ல் பிறந்த இளையராஜா. ரிசப்ஷன் பாட்டு லிஸ்டில் என்னதான் புதுப்பாட்டு சேர்த்தாலும் அவர் பாட்டு ஒன்றாவது இல்லாமல் போவது அபூர்வம்.

தாலி கட்டும் கல்யாணம் குடும்பத்துடையது, ரிசப்ஷன் மட்டும் மணமக்களுடையது என்ற ஒப்பந்தம் எப்படியோ எல்லா ஊரிலும் உண்டாகிவிட்டது. முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு இருந்த இடத்தில் பல ஊர்களில் ரிசப்ஷன் வந்து உட்கார்ந்துகொண்டது. தாலி ஏறுவதற்கு முன்பே இருவரும் ஜோடியாக மேடையில் நிற்பதைப் பார்த்துப் பாட்டிமார்கள் முணுமுணுத்தாலும் யாரும் கேட்பதில்லை.

ஆனால் அந்த ஒரு சாயங்காலமாவது முழுக்க மணமக்கள் கையில் இருக்கிறதா என்று பார்த்தால் அதுவும் இல்லை. முதலில் பணம். போடிநாயக்கனூர், தேவாரம், கோம்பை பக்கம் மேடையின் அகலத்தை ஏலக்காயும்தான் முடிவு செய்கிறது. மலைக்கு மேலே இடுக்கி மாவட்டத் தோட்டங்களை நம்பித்தான் கீழே பல குடும்பங்களின் கூலியும் வியாபாரமும் இருக்கின்றன. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை தொட்ட காய், 2022-ல் ஆயிரத்தை ஒட்டியும் அதற்குக் கீழேயும் விலை போனது. இந்த இரண்டு வருஷத்துக் கல்யாணங்களும் ஒரே மாதிரி இருந்திருக்க முடியாது.

அடுத்தது விருந்தாளிகள். யாரைக் கூப்பிடுவது என்று மணமக்களின் நட்பைப் பார்த்து முடிவெடுப்பதில்லை, மொய் நோட்டைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். கணக்குப் பதிவியலில் கடனாளிகள் என்று ஒரு பட்டியல், கடனீந்தோர் என்று ஒரு பட்டியல் வரும். மொய் நோட்டு இரண்டும் சேர்ந்தது. பத்து வருஷத்துக்கு முன்னால் இந்த வீட்டார் செய்முறை செய்த வீடெல்லாம் வந்தே ஆக வேண்டும். மேடையில் நிற்கும் பொண்ணுக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் யாரென்றே தெரியாது. அப்பாவுடைய பேரேடு அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது!

சரி, ஒரு மண விழா அந்த இருவருடைய குணத்தையும் கொள்கையையும் காட்ட வேண்டும் என்ற யோசனை எங்கிருந்து வந்தது? ஈவென்ட் மேனேஜ்மென்ட் கம்பெனிகள் கொண்டுவந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆங்கிலப் படங்களைப் பார்த்து வந்தது என்றும் சொல்லலாம். ஆனால் தமிழ்நாட்டில் அதற்கு இவற்றையெல்லாம் விடப் பழைய வரலாறு ஒன்று இருக்கிறது. அதற்கு மணமக்கள் கொடுத்த விலையும் அதிகம்.

1928 மே 28. அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் சுக்கிலநத்தம் என்ற கிராமம். பெரியார் தலைமையில் அங்கே நடந்த திருமணத்தைத்தான் முதல் சுயமரியாதைத் திருமணம் என்கிறார்கள். புரோகிதர் இல்லை, ஓமம் இல்லை, மந்திரம் இல்லை. மேடை, மாலை, கூட்டம், பேச்சு. அவ்வளவுதான்.

இதை இன்றைய கண்ணால் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒரு மேடை, அதில் மணமக்கள், மாலை, வாழ்த்த வந்தவர்கள், கடைசியில் சாப்பாடு. அப்படியே ரிசப்ஷன்! ஒரே வித்தியாசம், அவர்களுக்கு இதற்கு முன்னும் பின்னும் வேறு கல்யாணம் கிடையாது. இதுவேதான் கல்யாணம்.

அந்த விழாவைத் திட்டமிடுவதில் ஒவ்வொரு முடிவும் மணமக்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதைக் காட்டியது. தாலி உண்டா இல்லையா? சிலர் கட்டினார்கள், சிலர் வேண்டாம் என்று மாலையோடு நிறுத்திக்கொண்டார்கள். நேரம் எது? சிலர் வேண்டுமென்றே ராகுகாலத்தில் வைத்தார்கள். ஊரே ஒதுக்கும் நேரத்தை வாழ்க்கையின் முதல் நேரமாக எடுத்துக்கொள்வதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்? யார் தலைமை? குலத்துப் பெரியவரா, இயக்கத் தோழரா? பெண்கள் தலைமை தாங்கிய திருமணங்களும் உண்டு. அழைப்பிதழில் 'விவாக சுபமுகூர்த்தம்' என்பதற்குப் பதில் 'வாழ்க்கை ஒப்பந்த விழா' என்று அச்சடித்தவர்கள் உண்டு. பேச்சுதான் ரொம்ப நீளம். மணமக்கள் பசியோடு உட்கார்ந்திருக்க, பெண்களின் சொத்துரிமையிலிருந்து மூடநம்பிக்கை வரைக்கும் சொற்பொழிவு நடக்கும். இன்றைக்கு ரிசப்ஷனில் டி.ஜே. சத்தத்தைச் சகித்துக்கொள்வது மாதிரிதான் அதுவும் என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

1929-ல் ஈரோட்டில் பெரியார் நடத்திவைத்த குத்தூசி குருசாமி, குஞ்சிதம் திருமணம் சாதி கடந்த திருமணம். மணமக்களே இயக்கத்தின் முகமாக இருந்தார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்குச் சமமான சொத்துரிமை, மணவிலக்கு உரிமை, பெண்ணின் திருமண வயதை உயர்த்துவது என்றெல்லாம் தீர்மானம் போட்டது. அதாவது மேடையில் பேசியது வெறும் சடங்கு ஒழிப்பு மட்டுமல்ல. கல்யாணம் முடிந்த மறுநாளிலிருந்து அந்தப் பெண் எப்படி வாழ்வாள் என்பதும்தான்.

'ஒப்பந்தம்' என்ற சொல்லை வணிகவியல் மாணவர்கள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் முதலில் மனப்பாடம் செய்ய வைக்கும் விஷயங்களில் ஒன்று 'சுதந்திரமான சம்மதம்'. வற்புறுத்தி வாங்கிய சம்மதம் சம்மதமே அல்ல. பத்து மூட்டை ஏலக்காய் விற்பதற்குச் சட்டம் கேட்கும் இந்தச் சம்மதத்தைப் பொண்ணு பார்க்கும் படலத்தில் எத்தனை வீட்டில் கேட்கிறார்கள்? அதைக் கேட்டே ஆக வேண்டும் என்று சொன்னதுதான் அந்தப் புதிய அழைப்பிதழின் நோக்கம்.

ஆனால் சட்டம் இதை ஒப்புக்கொள்ளவில்லை. இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது.

1930-களில் சுயமரியாதை முறையில் நடந்த ஒரு திருமணம், செட்டிநாட்டுக் குடும்பம் ஒன்றின் சொத்து வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. தெய்வானை ஆச்சி எதிர் சிதம்பரம் செட்டியார் என்று சட்டப் புத்தகங்களில் இருக்கும் வழக்கு. 1953-ல் தீர்ப்பு வந்தது. சாஸ்திரம் சொல்லும் சடங்கும் இல்லை, நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கமும் இல்லை, ஒரு இயக்கம் புதிதாக உண்டாக்கிக்கொண்ட முறை வழக்கம் ஆகிவிடாது, எனவே இது செல்லுபடியாகும் இந்துத் திருமணம் அல்ல என்பது அதன் சாரம்.

நீதிமன்றத்தின் கண்ணில் அந்தத் திருமணங்கள் எல்லாம் வெறும் ரிசப்ஷன்களாக ஆகிவிட்டன! கூட்டம் கூடியது, மாலை போட்டார்கள், சாப்பிட்டார்கள், கலைந்து போனார்கள், கல்யாணம் மட்டும் நடக்கவில்லை. இருபது வருஷம் குடும்பம் நடத்தியவர்கள் சட்டப்படி யாரோ இரண்டு பேர். பிள்ளைகளுக்குச் சொத்து கேட்க வழியில்லாமல் போகும். 1955-ல் வந்த இந்துத் திருமணச் சட்டமும் அந்தந்தச் சமூகத்தின் வழக்கமான சடங்குகளையே கேட்டதால் நிலைமை மாறவில்லை. ஆயிரக்கணக்கான ஜோடிகளுக்கு மாலை எடுத்துக் கொடுத்த பெரியார், 1949 ஜூலை 9-ல் மணியம்மையை மணந்தபோது அது பதிவுத் திருமணமாக இருந்தது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இந்த நிலை மாற 1967-ல் ஆட்சி மாற வேண்டியிருந்தது. அண்ணா முதலமைச்சரானதும் கொண்டுவந்த சட்டங்களில் இந்துத் திருமணச் சட்டத்துக்கான தமிழ்நாட்டுத் திருத்தம் ஒன்று. 1968 ஜனவரி 17-ல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்து, ஜனவரி 20-ல் அரசிதழில் வெளியானது. 7-ஏ என்ற புதிய பிரிவு சேர்ந்தது. உறவினர்களோ நண்பர்களோ வேறு யாராவதோ முன்னிலையில், இருவருக்கும் புரியும் மொழியில் ஒருவரை ஒருவர் துணையாக ஏற்பதாகச் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றிக்கொண்டால் போதும். அல்லது ஏதாவதொரு விரலில் மோதிரம் போட்டால் போதும். அல்லது தாலி கட்டினால் போதும்.

இந்த 'அல்லது' பற்றி ஒரு செய்தியைத் திராவிடர் கழகத்தார் அடிக்கடி சொல்வார்கள். வரைவில் தாலியும் சேர்த்து 'உம்' போட்டு எழுதியிருந்ததாம். அண்ணா அதைப் பெரியாரிடம் காட்ட, அவர் அந்த இடத்தில் 'அல்லது' போடச் சொன்னாராம். அந்த ஒரு சொல்லால் தாலி கட்டாயம் என்பது போய், மணமக்கள் தேர்ந்தெடுக்கும் விஷயமாக ஆகிவிட்டது. விழாவைத் தங்கள் மனம்போல அமைத்துக்கொள்ளும் உரிமையை ஒரு ஜோடிக்கு அந்தச் சட்டம் தெளிவாகக் கொடுத்தது.

முக்கியமான இன்னொன்று, சட்டம் பின்னோக்கியும் பாய்ந்தது. அதற்கு முன்னால் இந்த முறையில் நடந்த திருமணங்களும் நடந்த நாளிலிருந்தே செல்லும், பிள்ளைகளும் சட்டப்படியான பிள்ளைகள் என்றது. கல்யாணமாகி முப்பது, நாற்பது வருஷம் கழித்துக் கல்யாணம் ஆனதாக அரசாங்கம் ஒப்புக்கொண்ட தாத்தா பாட்டிகள் தமிழ்நாட்டில்தான் இருந்தார்கள்.

சட்டம் வந்த பிறகு இந்த மேடையின் கதை வேறு திசையில் போனது. கட்சித் தலைவர் தேதி கொடுத்தால்தான் கல்யாணத் தேதி. தலைவர் வர நேரமானால் மணமக்கள் மாலையும் கையுமாக உட்கார்ந்திருக்க வேண்டும். வந்ததும் இரண்டு நிமிஷம் வாழ்த்து, இருபது நிமிஷம் எதிர்க்கட்சியைத் திட்டுவது! புரோகிதர் இறங்கிய இடத்தில் பிரமுகர் ஏறிக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும். 2000-க்குப் பிறகு பிளெக்ஸ் பேனர் வந்ததும் மதுரை, தேனிப் பக்கம் மணமக்கள் படத்தை விடத் தலைவர் படம் பெரிதாகியது. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில், கட்சிப் பிரமுகர் ஒருவர் தன் வீட்டுக் கல்யாணத்துக்குச் சாலையில் வைத்த பேனர் சரிந்து விழுந்ததில், ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்த இளம் பெண் பொறியாளர் ஒருவர் லாரியில் சிக்கி இறந்தார். அந்தப் பேனருக்கும் மணமக்களின் விருப்பத்துக்கும் என்ன சம்பந்தம் இருந்திருக்கும்?

இதற்கு நேர் எதிரான ஜோடிகளும் இருக்கிறார்கள். வீட்டுக்குத் தெரிந்தால் உயிருக்கே ஆபத்து என்று பயந்து, நண்பர்கள் இரண்டு பேர், வக்கீல் ஒருவர் முன்னிலையில் மாலை மாற்றிக்கொள்பவர்கள். சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி போனால் 30 நாள் முன்னறிவிப்பு அலுவலகப் பலகையில் ஒட்டப்படும். சாதி மாறிக் காதலிப்பவர்களுக்கு அந்த 30 நாள் ரொம்ப நீளம். அதனால் 7-ஏ பிரிவுதான் கதி.

2014-ல் சென்னை உயர் நீதிமன்றம் இதற்கும் தடை போட்டது. வக்கீல் அறையில் ரகசியமாக நடப்பது சுயமரியாதைத் திருமணம் ஆகாது, ஊரறிய நடக்க வேண்டும் என்றது. முன்னால் சடங்கு இல்லை என்று கல்யாணத்தை மறுத்தார்கள், இப்போது ரிசப்ஷன் இல்லை என்று மறுத்தார்கள்! 2023 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. மனைவியைப் பெற்றோர் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று ஒரு இளைஞர் தொடுத்த வழக்கு அது. ஊரைக் கூட்ட வேண்டும் என்று 7-ஏ எங்கும் சொல்லவில்லை, குடும்ப எதிர்ப்புக்கும் ஆபத்துக்கும் பயப்படும் இருவரைப் பகிரங்கமாக அறிவிக்கச் சொன்னால் அது அவர்கள் உயிருக்கே கேடாக முடியலாம், வக்கீல்கள் நண்பராகவோ உறவினராகவோ முன்னிலை வகிப்பதில் தவறில்லை என்று நீதிபதிகள் சொன்னார்கள்.

அந்தக் கல்யாணங்களில் பந்தி இல்லை, பாட்டு இல்லை, மொய் எழுத ஆள் இல்லை. ஊரைக் கூட்டிப் பெரிய மண்டபத்தில் நடந்தாலும் சரி, வக்கீல் அறையில் நடந்தாலும் சரி, 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணம் கட்டி இன்னும் 60 நாளுக்குள் பதியலாம்.