தாது வருஷப் பஞ்சமும் மாயூரம் முன்சீப்பும்

ஸ்ரீராம்புரத்தில் நான் மளிகைக் கடை போட்டு நாற்பது வருஷம் ஆகப்போகிறது. வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பம் எங்களுடையது. கடை வைத்த புதிதில் பக்கத்து மில் ஒன்று மூடிக்கிடந்தது. கடன் நோட்டு மட்டும் தடித்துக்கொண்டே போயிற்று. நோட்டில் பெயர் இருந்தவர்களில் ஒரு கிறிஸ்தவப் பாட்டியும் உண்டு. வீட்டில் அடுப்பு எரியாத நாளிலும் சாயங்காலமானால் ஜெபமாலையும் கையுமாக உட்கார்ந்துவிடுவார்.

படைத்துக் காக்கும் கடவுள் என்று ஒருவரை எங்கள் சமயம் ஏற்பதில்லை. அவரவர் வினை அவரவருக்கு. அந்த மிடுக்கில் ஒருநாள், "ஜெபம் பண்ணினா அரிசி வந்துடுமா, பெரியம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

"அரிசி வராது தம்பி. ராத்திரி தூக்கம் வரும். தூங்கினாத்தானே காலையில எழுந்து வேலை தேட முடியும்?" என்றார்.

வாயடைத்துப் போனேன். அந்தப் பதிலின் முழுப்பொருள், பல வருஷம் கழித்து மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையின் வரலாற்றைப் படித்தபோதுதான் விளங்கியது.

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைச் சூறையாடியது தாது வருஷப் பஞ்சம். இந்தியா முழுவதும் மாண்டவர்கள் 50 லட்சத்துக்கு மேல். நாம் பிழைக்க வந்திருக்கும் இந்த மைசூர் நாட்டில் மட்டும் சுமார் 10 லட்சம் பேர், அதாவது ஐந்தில் ஒருவர், மடிந்தார்கள். பெங்களூர்–மைசூர் ரயில் பாதையே பஞ்ச நிவாரண வேலையாகத் தொடங்கியதுதான். 1877-இல் ரிச்சர்டு டெம்பிள் என்ற துரை, நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு அரைக்கிலோகூட வராது. தினமும் தராசு பிடிக்கிற எனக்கு அது எத்தனை பிடி என்று தெரியும். அதைத் தின்றுவிட்டு மண் சுமக்க முடியாது.

அந்தக் காலத்தில் மாயூரத்தில் வாழ்ந்தவர் வேதநாயகம் பிள்ளை. 1826-இல் திருச்சியை அடுத்த குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். 1857-இல் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். தேவமாதா அந்தாதி, திருவருள் மாலை முதலிய பக்தி நூல்களைப் பாடியவர். தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை (1879) எழுதியவரும் அவரே.

பஞ்சம் வந்தபோது அவர் முன்சீப் உத்தியோகத்தை விட்டு வந்திருந்தார். பஞ்சத்தைத் தீர்க்கும்படி இறைவனிடம் முறையிட்டுக் கீர்த்தனைகள் பாடினார். பாடியதோடு நிற்கவில்லை, சொந்தப் பொருளைச் செலவழித்து, பசித்து வந்தவர்களுக்குக் கஞ்சி வார்த்தார். பாட்டு மனத்தைத் தாங்கிற்று. மனம் கையை நீட்டச் சொல்லிற்று.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 1878-இல் வெளிவந்த தம் கீர்த்தனைத் தொகுப்புக்கு அவர் 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை' என்று பெயர் வைத்தார். தாம் கிறிஸ்தவர் என்பதை மறைக்காதவர், எந்தச் சமயத்தாரும் வாய்விட்டுப் பாடும்படி எழுதினார். பசிக்குச் சமயம் ஏது? அவருடைய கொடையைக் கண்டு உருகி, நந்தனார் சரித்திரம் தந்த சைவர் கோபாலகிருஷ்ண பாரதியார் அவர் மேல் கீர்த்தனை பாடினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையோ முன்பே அவர் மேல் 'குளத்துக் கோவை' பாடியிருந்தார்.

ஜெபத்தைக் கேட்க ஒருவர் உண்டா என்பதில் என் கருத்து இன்றும் மாறவில்லை. ஆனால் எங்கள் சமயம் சொல்லும் நான்கு தானங்களில் ஒன்று உணவு. வேறு வழியில் நடந்து வந்த முன்சீப் அதே வாசலில் வந்து நின்றார். ஆறுதல் எங்கிருந்து வந்தது என்று நான் இப்போது கேட்பதில்லை. அது மனிதனை எங்கே கொண்டுபோய் விட்டது என்றுதான் பார்க்கிறேன்.

அந்தப் பாட்டியின் மகனுக்கு ஒன்றரை வருஷம் கழித்து வேறு வேலை கிடைத்தது. பாட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்து, பாக்கியை எண்ணி வைத்தார். "வட்டி எவ்வளவு, தம்பி?" என்றார். "ஒண்ணும் இல்லை, பெரியம்மா" என்றேன். அன்று ராத்திரி எனக்கும் நல்ல தூக்கம்.

ஊர்விட்டு ஊர் வந்த நம் பிள்ளைகளுக்கு வேதநாயகம் பிள்ளையை நாவலாசிரியராக மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதாது. கஞ்சி வார்த்த கையையும் சொல்லிக்கொடுப்போம்.