கரைந்த நகராட்சி, கரையாத சேரி

2011 அக்டோபரில் ஆலந்தூர் நகராட்சி என்று ஒன்று இல்லாமல் போனது. எங்கள் ஆதம்பாக்கமும் நங்கநல்லூரும் பழவந்தாங்கலும் ஒரே நாளில் சென்னை மாநகராட்சியாகிவிட்டன. "இனிமே நாமும் மெட்ராஸ்காரங்கதான்" என்று தெருவில் சிரித்துக்கொண்டார்கள். வீட்டு வரி ரசீதில் பெயர் மாறியது. வேறு என்ன மாறியது என்பதை தலித் மக்களின் பக்கம் நின்று யாராவது எழுத வேண்டும்.

அப்போது இணைக்கப்பட்டவை 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள்; மொத்தம் 42. 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகரம் 426 ஆனது. வார்டுகளோ 155இலிருந்து 200தான் ஆயின. பழைய நகரத்துக்கு 107, புதிதாகச் சேர்ந்த பகுதிகள் எல்லாவற்றுக்கும் 93.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். ஆலந்தூர் நகராட்சியில் 42 வார்டுகள் இருந்தன. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 1,64,430. ஒரு கவுன்சிலருக்கு நாலாயிரம் பேர்கூட இல்லை. விரிந்த சென்னையிலோ ஏறத்தாழ 67 லட்சம் பேருக்கு 200 கவுன்சிலர்கள். ஒருவருக்கு முப்பத்து மூவாயிரம் பேர். நாலாயிரம் பேரில் நம் தெரு ஒரு பலம். ஓட்டுக் கேட்டு வந்தவரைக் குழாயடியிலேயே மடக்கிக் கேட்கலாம். முப்பத்து மூவாயிரத்தில் அதே தெரு ஒரு துளி. தேர்தலில் நிற்கிற செலவும் அதே அளவுக்கு ஏறும். கூலி வேலை செய்கிற பெண் எங்கே நிற்பது?

'கிராமத்தை அம்பேத்கரே வெறுத்தாரே, சிற்றூராட்சிகள் ஒழிந்தால் நமக்கு நல்லதுதானே?' என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 1948இல் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைக் குறுகிய மனத்தின் கூடாரமாகத்தான் அவர் பார்த்தார். நகரம் நமக்கு வாசல் திறந்ததும் உண்மை. பரங்கிமலையில் பிறந்த எம்.சி. ராஜா சட்டமன்றம் போனார். சிவசண்முகம் பிள்ளையும் ந. சிவராஜும் விடுதலைக்கு முன்பே சென்னை மேயர்கள். ஆனால் இந்த இணைப்பில் ஒழிந்தது சேரியின் எல்லையா, தலைவர் நாற்காலியா? 1994ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்துக்குப் பிறகுதான் அந்த நாற்காலிகள் சுழற்சி முறையில் நமக்கு வரத் தொடங்கின. அதில் உட்கார்ந்ததற்காகத்தான் 1997இல் மேலவளவு முருகேசனையும் அவரோடு இருந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். சென்னையைச் சுற்றி 42 நாற்காலிகள் அரசாணை ஒன்றிலேயே போய்விட்டன. மிஞ்சியது ஒரே ஒரு மேயர் நாற்காலி. 2016 முதல் அதுவும் காலி. ஐந்தாண்டுக்கு மேல் அதிகாரிகள் ஆட்சி. தலித் பெண் ஒருவர், பிரியா, அதில் உட்கார 2022 மார்ச் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சிறிய நகராட்சியால் எதுவும் முடியாது என்பதும் பொய். வீட்டுக்கு ஐயாயிரம் ரூபாய் டெபாசிட் வாங்கிப் பாதாளச் சாக்கடை போட்டது இதே ஆலந்தூர்தான். வெளியூர்க்காரர்கள் வந்து பாடம் படித்துப் போனார்கள். அந்தக் குழிக்குள் யார் இறங்குகிறார்கள் என்கிற கேள்வியை மட்டும் நகராட்சியும் தீர்க்கவில்லை, மாநகராட்சியும் தீர்க்கவில்லை.

இன்னொரு கோட்டையும் பாருங்கள். நகரத்தின் நடுவில் கூவக் கரையில் குடியிருந்தவர்களைப் பிடுங்கி எல்லைக்கு வெளியே கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் கொட்டினார்கள். 2011இல் மாநகராட்சி அங்கேயும் வந்து சேர்ந்தது. பெரும்பாக்கத்தை விட்டுவிட்டார்கள். பிறகு ஆயிரக்கணக்கான குடும்பங்களை எங்கே கொண்டுபோனார்கள்? அந்தப் பெரும்பாக்கத்துக்கே. சென்னைக்கு உழைக்கிறவர்கள், சென்னைக் கவுன்சிலருக்கு ஓட்டுப் போட முடியாத ஓர் ஊராட்சியில்.

அதே 2011 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் மலைநாடான கிளாருஸில் 25 ஊராட்சிகள் மூன்றாக இணைந்தன. 2006இல் மக்கள் திறந்தவெளியில் கூடி, கைதூக்கி முடிவெடுத்தார்கள். அந்த மைதானத்திலும் 1971 வரை பெண்களின் கைக்கு மதிப்பில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் இணைப்பை மக்களிடம் கேட்டுச் செய்ய முடியும் என்பதற்கு அது சாட்சி.

2025 ஜனவரியில் 16 மாநகராட்சிகளையும் 41 நகராட்சிகளையும் விரிவாக்கத் தமிழக அரசு உத்தரவிட்டபோது, நூறு நாள் வேலை போய்விடும் என்று ஊராட்சிப் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். அவர்களை வளர்ச்சிக்கு எதிரி என்று சொல்கிறவர்களிடம் நாம் கேட்க வேண்டியவை மூன்று. இணைகிற ஊரில் எத்தனை தனித் தலைவர் பதவிகள் போகின்றன? வார்டு பிரிக்கும்போது சேரியைத் துண்டு போடுகிறீர்களா, ஒன்றாக வைக்கிறீர்களா? கிராம சபையில் கேட்டீர்களா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். கோடு போட்ட பிறகு கேட்டால் வரைபடத்தைத்தான் காட்டுவார்கள்.