சீமை எஞ்சினும் ராஜ்கோட் எஞ்சினும்

பனி கொட்டும் நாடுகளில், பாதையில் குவிந்த பனியை வாரி வீசும் இயந்திரங்கள் உண்டு. அவற்றின் எஞ்சின் உள்நாட்டில் செய்ததா, வெளியிலிருந்து வந்ததா, குளிர்ந்த காலையில் எது ஏமாற்றாது என்பது அங்கே தீராத வழக்கு. பனியையே காணாத பள்ளிப்பட்டுப் பக்கத்திலும் அந்த வழக்கு நடந்தது. இங்கே வார வேண்டியிருந்தது கிணற்று நீர்.

பள்ளிப்பட்டு 1960 ஏப்ரல் 1 அன்றுதான் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. ம.பொ.சி.யின் வடக்கெல்லைப் போராட்டம் வாசகர்கள் அறிந்ததே. எல்லை மாறினாலும் கொசஸ்தலை ஆற்றின் குணம் மாறவில்லை. மழை வந்தால் வெள்ளம், மற்ற நாட்களில் மணல். கரும்பும் நிலக்கடலையும் கிணற்றை நம்பியே நின்றன. கவலை இறைத்த மாடுகளின் இடத்துக்கு ஆயில் எஞ்சின் வந்தது அப்படித்தான்.

அந்த எஞ்சின்களின் மூதாதை இங்கிலாந்தில் டர்ஸ்லி என்னும் சிற்றூரில் லிஸ்டர் நிறுவனம் செய்த 'சி.எஸ்.' வகை. அவ்வெழுத்துகளின் பொருள் 'குளிரிலும் கிளம்புவது'. டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. அழுத்தத்தால் காற்று சூடேறித்தான் எண்ணெய் பற்ற வேண்டும். உறைபனியில் அந்தச் சூடு போதாது. எனவே எரியறையின் ஒரு பகுதியைத் திருகி அடைத்து, அழுத்தத்தைக் கூட்டிக் கிளப்பும் ஏற்பாட்டைச் செய்திருந்தார்கள். நம் வெயிலுக்கு இது அநேகமாக வேண்டாத அலங்காரம் என்றே எனக்குத் தோன்றுகிறது. இங்கே உழவர் மதித்தது வேறொன்றை. ஐந்து குதிரைத்திறன் எஞ்சின் நிமிடத்துக்கு 600 சுற்றுதான் சுற்றும். இருபுறமும் பெரிய சக்கரங்கள். அவசரமில்லாத இயந்திரம், எனவே தேய்மானமும் மெதுவே.

விடுதலைக்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகின. 1946இல் புனே அருகே கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின் நிறுவனம் தொடங்கியிருந்தது. குஜராத்தின் ராஜ்கோட்டிலோ, சிறு பட்டறைகள் லிஸ்டரை அச்சாகப் படியெடுத்து மலிவாக விற்றன. வார்ப்பு மணல் சரியாகக் கழுவப்படாமல் உள்ளேயே தங்கிவிடுவது அந்த நகல்களின் பெயர்பெற்ற குறை. எண்ணெயில் கலந்த மணல் உள்ளுறுப்புகளை அராவித் தின்னும். ஆனால் உதிரிப் பாகம் சுலபமாகக் கிடைத்தது. சீமை எஞ்சினுக்கு ஒரு பாகம் போனால் தவங்கிடக்க வேண்டும்; வாடும் பயிர் தவத்துக்குக் காத்திராது.

எங்கள் பாட்டனார் வாங்கியது ராஜ்கோட் நகல். வந்த நாளே மெக்கானிக்கை அழைத்து முழுதும் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, பிறகுதான் ஓட்டினார். "புது எஞ்சினைப் பிரிக்கிற பைத்தியம்" என்று ஊர் சிரித்ததாம்.

சிரிப்பதற்கில்லை. மேலிருந்து உறிஞ்சும் பம்பு ஏறக்குறைய 25 அடிக்கு மேல் நீரை இழுக்காது. நீர்மட்டம் இறங்க இறங்க எஞ்சினையும் கிணற்றுக்குள் மேடை கட்டி இறக்கினார்கள். அது நின்றுபோனால் புகை தேங்கிய குழிக்குள் ஒருவர் இறங்கி ஹேண்டிலைச் சுற்ற வேண்டும். தவறிச் சுற்றினால் ஹேண்டில் திருப்பி அடித்து மணிக்கட்டை முறிக்கும். அதைவிடக் கொடியது வாசனையற்ற கரியமில நச்சு; ஒருவரைத் தூக்கப் போன மற்றவரும் மாண்ட செய்திகள் நம் நாளேடுகளுக்குப் புதியனவல்ல. எஞ்சின் நம்பத்தக்கதா என்ற கேள்விக்கு அங்கே உயிர் என்றும் ஒரு பொருள் இருந்தது.

1990இல் உழவுக்கு மின்சாரம் இலவசமானது. மோட்டாருக்கு இணைப்புக் கிடைத்தவர்கள் எஞ்சினைக் கொட்டகையில் ஒதுக்கினார்கள். டர்ஸ்லியில் அதற்கு முன்பே, 1987இல், சி.எஸ். உற்பத்தி நின்றிருந்தது. ராஜ்கோட்டில் நிற்கவில்லை. 2000ஆம் ஆண்டு பிறக்கையில் கணினிகள் குழம்பி மின்சாரம் நின்றுவிடும் என்று அஞ்சிய அமெரிக்கர்கள் சிலர் அந்த நகல்களைத் தருவித்தனர். பனிக்காலத்தில் வீட்டுக்கு மின்சாரம் எடுக்க அவர்களுக்கு உதவியது அதே எஞ்சின்தான். விவரமறிந்தவர்கள் பெட்டியைத் திறந்ததும் செய்த முதல் வேலை, அதை முழுதும் பிரித்து மணலைக் கழுவியது.