கச்சத்தீவு: கோட்டின் இருபுறமும் நம் மக்கள்

மலையடிவாரத்தில் வாழும் மக்கள் நாம். இராஜபாளையத்தில் பஞ்சாலைச் சங்கு நம் பொழுதுகளைப் பிரிக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் கோபுர நிழல் அதைச் செய்கிறது. கடலோசை இங்கு எவர் காதிலும் விழுவதில்லை. ஆயினும் ஒவ்வொரு தேர்தல் காலத்திலும், ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நிற்கும்போது, பங்கு மக்களில் எவரேனும் ஒருவர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "கச்சத்தீவு உண்மையிலே யாருக்குச் சொந்தம், சாமி?"

நமக்கும் அத்தீவுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணலாம். 1985-ஆம் ஆண்டுவரை ஸ்ரீவில்லிபுத்தூரும் இராஜபாளையமும் பழைய இராமநாதபுரம் மாவட்டத்தின் பகுதிகளாகவே இருந்தன. 1987-இல் சிவகங்கை மறைமாவட்டம் உருவாகும்வரை இராமேசுவரம் கரை மக்களும் நாமும் மதுரை உயர்மறைமாவட்டம் என்ற ஒரே குடும்பத்தில் இருந்தோம். ஆகவே, 1974-இல் தமிழகம் எந்தத் தீவை இழந்ததாகக் குரல் எழுப்பியதோ, அது அன்று நம் மாவட்டத்துக் கடலில் கிடந்த தீவு. அந்த வரலாற்றை அறிவது நம் கடமை.

தீவும் திருத்தலமும்

பாக்கு நீரிணையில், இராமேசுவரத்துக்கு வடகிழக்கே, யாழ்ப்பாணத்து நெடுந்தீவுக்குத் தென்மேற்கே கிடக்கிறது கச்சத்தீவு. பரப்பு ஏறத்தாழ 285 ஏக்கர். நமது பகுதியின் பெரிய கண்மாய் ஒன்றினுள் அடங்கிவிடக்கூடிய அளவு. குடிநீர் இல்லை, ஆதலால் நிலையான குடிகளும் இல்லை. முட்புதரும் மணலும் கடற்காற்றுமே அங்குக் குடியிருப்பவை.

பயனற்ற நிலம் என்று இதனைச் சொல்லிவிட முடியாது. இராமநாதபுரம் சேதுபதிகளின் ஜமீன் ஆவணங்களில் இத்தீவு இடம்பெற்றிருந்தது. 1880-இல் எழுதப்பட்ட ஒரு குத்தகைப் பத்திரத்தின்படி, சாயவேர் தோண்டும் உரிமைக்காகப் பல ஊர்களோடு சேர்த்துக் குத்தகைக்கு விடப்பட்ட தீவுகளுள் இதுவும் ஒன்று. பருத்தித் துணிக்குச் செந்நிறம் ஏற்றும் வேர் அது. நூலும் துணியுமே வாழ்வாகக் கொண்ட நம் பகுதியினர் இதனை நினைவில் வைக்கலாம். மீனவர்க்கோ அது வலை உலர்த்தும் களம், புயலுக்கு ஒதுங்கும் இடம்.

அங்கே புனித அந்தோனியார் ஆலயம் ஒன்று எழுந்தது. தொண்டியை அடுத்த நம்புதாளையைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாச்சி 1905-இல் அதைக் கட்டினார் என்று நம் கரை மீனவர் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். கட்டியவர் இக்கரையைச் சேர்ந்தவர். ஆலயத்தை மேற்பார்த்ததோ அக்கரையின் யாழ்ப்பாண மறைமாவட்டம். ஆண்டுதோறும் தவக்காலத்தில் நடைபெறும் திருவிழாவில் இரு கரை மக்களும் கூடினர். பெண் கொடுத்தவரும் பெண் எடுத்தவரும் அங்கே சந்தித்தனர். சேலையும் சவர்க்காரமும் கைமாறின. எவரும் கடவுச்சீட்டுக் கேட்கவில்லை. தீவு யாருடையது என்ற கேள்வியே அன்று அம்மக்களிடம் எழவில்லை.

1921: முதல் கோடு

கேள்வியை எழுப்பியவை அரசுகள். முத்தும் சங்கும் மீனும் வருவாய் தந்தமையால் கடலைப் பிரிக்க வேண்டிய தேவை அவற்றுக்கு ஏற்பட்டது. 1921-இல் சென்னை அரசின் பேராளர்களும் இலங்கை அரசின் பேராளர்களும் கொழும்பில் கூடினர். இரண்டுமே பிரித்தானிய ஆட்சியின்கீழ் இருந்த அரசுகள்தாம். இந்தியத் தரப்பு சேதுபதியின் ஜமீன் உரிமையைக் காட்டியது. இலங்கைத் தரப்பு யாழ்ப்பாண மறைமாவட்டத்தைச் சார்ந்த அந்தோனியார் ஆலயத்தைச் சுட்டிக்காட்டியது. செபிப்பதற்கென்று எழுப்பிய ஆலயம் வழக்காடும் ஆதாரமாயிற்று!

இறுதியில் கச்சத்தீவுக்கு மேற்கே மூன்று மைல் தள்ளி ஒரு மீன்பிடி எல்லைக்கோடு வரையப்பட்டது. அது மீன்பிடிப்புக்கான கோடு மட்டுமே, நில உரிமையைத் தீர்மானிப்பதன்று என்பது இந்தியத் தரப்பின் நிலை. அந்த உடன்பாடு முறைப்படி உறுதிசெய்யப்படவும் இல்லை. ஆயினும் ஒருமுறை வரைந்த கோடு எளிதில் அழிவதில்லை. வரப்புத் தகராறுகளைப் பேசித் தீர்த்துப் பழகிய எந்தக் கிராமத்துப் பெரியவரும் இதனை அறிவார்.

1974, 1976: இரண்டு ஒப்பந்தங்கள்

விடுதலைக்குப் பின் இச்சிக்கல் இரு நாடுகளின் மேசைக்கு வந்தது. இந்திய அரசின் தலைமை வழக்கறிஞராயிருந்த எம். சி. செதல்வாத், சில ஐயங்கள் இருப்பினும் தீவின் மீதான உரிமை இந்தியாவுக்கே என்ற கருத்தைத் தெரிவித்தார். பிரதமர் நேருவோ, 1961-இல் எழுதிய குறிப்பொன்றில், இச்சிறு தீவுக்குத் தாம் முக்கியத்துவம் தரவில்லை என்றும், உரிமையை விட்டுக்கொடுக்கத் தயங்கப்போவதில்லை என்றும் பதிவு செய்தார். தில்லியிலிருந்து நோக்கியபோது அது வரைபடத்தில் ஒரு புள்ளி. அண்டை நாட்டின் நட்பு அதனினும் பெரிதாகத் தோன்றியது.

1974 ஜூன் மாத இறுதியில் பிரதமர்கள் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். எல்லைக்கோடு தீவுக்கு மேற்கே ஏறத்தாழ ஒரு மைல் தொலைவில் சென்றது. தீவு இலங்கையின் பக்கம் அமைந்தது. இவ்வொப்பந்தத்தின் 5-ஆம் பிரிவு, இந்திய மீனவரும் திருப்பயணிகளும் முன்போலவே பயண ஆவணமும் விசாவும் இன்றித் தீவுக்குச் சென்றுவரலாம் என்றது. 6-ஆம் பிரிவு, இரு நாட்டுக் கலங்களும் மற்றவர் கடலில் மரபாக அனுபவித்த உரிமைகளைத் தொடர்ந்து அனுபவிக்கும் என்றது. வெளியுறவு அமைச்சர் சுவரண் சிங், மீன்பிடி உரிமையும் திருப்பயண உரிமையும் காக்கப்பட்டுள்ளன என்று நாடாளுமன்றத்துக்கு உறுதியளித்தார்.

தமிழகம் அமைதியடையவில்லை. அன்றைய இராமநாதபுரம் மக்களவை உறுப்பினர் பி. கே. மூக்கையாத் தேவர் அவையில் எதிர்த்துப் பேசினார். முதல்வர் மு. கருணாநிதியின் காலத்தில் சட்டமன்றம் 1974 ஆகஸ்டு 21 அன்று எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது.

பின்னர் நெருக்கடிநிலை வந்தது. 1976 ஜனவரி 31 அன்று தமிழக அரசு கலைக்கப்பட்டது. இரண்டு மாதம் முடிவதற்குள், மார்ச் 23 அன்று, மன்னார் வளைகுடா எல்லை குறித்து இரண்டாம் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. கன்னியாகுமரிக்குத் தெற்கே மீன்வளம் மிகுந்த வாட்ஜ் மேடு இந்தியாவுக்கு உரியதென ஏற்கப்பட்டது. அத்துடன் இரு நாட்டு வெளியுறவுச் செயலர்களும் பரிமாறிக்கொண்ட கடிதங்கள், ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடிக்கலாகாது என்று முடிவு செய்தன. 1974-இல் காக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட மீன்பிடி உரிமை, 1976-இல் மீனவரைக் கேளாமலே மறைந்தது. எஞ்சியவை வலை உலர்த்தும் உரிமையும் திருவிழாவும் மட்டுமே என்பது பின்னர் நடுவண் அரசு தந்த விளக்கம்.

இந்திய நிலத்தை விட்டுக்கொடுப்பதாயின் அரசியல் சட்டத் திருத்தம் தேவை என்று பெருபாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1960-இல் கூறியிருந்தது. அதனைச் சுட்டி ஜெ. ஜெயலலிதா 2008-இல் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். கச்சத்தீவு என்றுமே தீர்மானிக்கப்பட்ட இந்திய நிலமாக இருந்ததில்லை, ஆகவே விட்டுக்கொடுத்தல் என்ற பேச்சுக்கே இடமில்லை என்பது நடுவண் அரசின் வாதம். 2025 ஏப்ரல் 2 அன்று தமிழகச் சட்டமன்றம் தீவை மீட்கக் கோரி மீண்டும் தீர்மானம் இயற்றியது. அதே ஆண்டு செப்டம்பர் தொடக்கத்தில் இலங்கைக் குடியரசுத் தலைவர் அநுர குமார திசாநாயக்க கச்சத்தீவுக்கு நேரில் சென்று, அதனை விட்டுத்தரமாட்டோம் என்னும் தம் அரசின் நிலையை உணர்த்தினார்.

வடகடலில் ஒரு முன்மாதிரி

கொழும்பில் கோடு வரையப்பட்ட அதே 1921-இல், உலகின் மற்றொரு மூலையில் மற்றொரு தீவுவழக்கு தீர்க்கப்பட்டது. பால்டிக் கடலில் பின்லாந்துக்கும் ஸ்வீடனுக்கும் இடையே உள்ளவை ஆலந்துத் தீவுகள். மக்கள் ஸ்வீடிய மொழி பேசுபவர். ஸ்வீடனோடு இணையவே விரும்பினர். பின்லாந்து விட்டுத்தர மறுத்தது. வழக்கு அன்றைய சர்வதேச சங்கத்தின்முன் சென்றது. ஆட்சியுரிமை பின்லாந்துக்கு என்று முடிவாயிற்று. ஆனால் தீர்ப்பு அத்தோடு நிற்கவில்லை. தீவு மக்களின் மொழிக்கும் நிலத்துக்கும் தன்னாட்சிக்கும் உறுதி அளிக்கப்பட்டது. அங்குப் படைகள் நிறுத்தலாகாது என்று பல நாடுகள் கூடி உடன்படிக்கை செய்தன. ஒரு நூற்றாண்டு கடந்தும் அவ்வேற்பாடு நிலைத்து நிற்கிறது.

ஆலந்தில் மக்கள் குடியிருந்தனர்; தங்கள் விருப்பத்தைச் சொல்ல அவர்களுக்கு வாய் இருந்தது. கச்சத்தீவில் குடிகள் இல்லை. ஆகவே கேட்பதற்கு எவரும் இல்லை என்று இரு அரசுகளும் கருதிவிட்டன. அத்தீவின் மக்கள் அதைச் சுற்றியுள்ள கடலில் இருந்தனர் என்பதை அவை காணவில்லை. கொடி எவருடையதாயினும், அந்த இடத்தால் வாழ்பவரின் உரிமை உறுதியான ஏற்பாட்டால் காக்கப்பட வேண்டும் என்பதே ஆலந்து தரும் பாடம்.

அந்தோனியார் முற்றத்தில் கேட்ட சொல்

1983-க்குப் பின் இலங்கைப் போர் மூண்டபோது திருவிழா நின்றது. 2002-இல் போர்நிறுத்தக் காலத்தில் மீண்டும் தொடங்கி, இடையில் தடைப்பட்டு, 2010 முதல் திரும்பவும் நடைபெற்று வருகிறது. 2016 டிசம்பரில் அங்குப் புதிய ஆலயம் அருட்பொழிவு செய்யப்பட்டது. 2017 மார்ச்சில் தங்கச்சிமடத்து இளைஞர் ஒருவர் கடலில் சுட்டுக் கொல்லப்பட்டார். தாங்கள் சுடவில்லை என்றது இலங்கைக் கடற்படை. அவ்வாண்டுத் திருவிழாவை நம் கரை மக்கள் புறக்கணித்தனர். அந்த வாரம் என் மறையுரை சினம் மிகுந்ததாக இருந்தது. தீவை மீட்டால்தான் இக்கொலைகள் நிற்கும் என்று பீடத்தில் நின்று முழங்கினேன்.

2019-ஆம் ஆண்டுத் திருவிழாவுக்குப் பங்கு மக்கள் சிலருடன் சென்றேன். இராஜபாளையத்தில் பேருந்து ஏறி, இராமேசுவரத்தில் பெயர் பதிந்து, சோதனைகள் முடித்துப் படகில் அமர்ந்தோம். மாலையில் கொடியேற்றம், பின் சிலுவைப்பாதை, தேர்ப்பவனி. இரவு மணலில் படுத்திருந்தபோது, பக்கத்தில் அமர்ந்திருந்த அக்கரை முதியவர் ஒருவருடன் பேச்சுக் கொடுத்தேன். மீனவர். தீவைப் பற்றி நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

"ஃபாதர், தீவு ஆருடையது எண்டு எல்லாரும் கேக்கினம். எங்கட வலையை ஆர் அறுத்தது எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

நான் வாயடைத்துப் போனேன். போர்க்காலத்தில் அவர்களுக்குக் கடல் மூடப்பட்டிருந்தது. 2009-இல் போர் ஓய்ந்து, கடன் வாங்கி வலை கட்டி அவர்கள் கடலில் இறங்கியபோது, இரவில் வந்த நம் விசைப்படகுகளின் இழுவைமடிகள் அவ்வலைகளை அறுத்துச் சென்றன. இரண்டாண்டுகளுக்கு முன் நான் நிகழ்த்திய மறையுரையில் இம்மனிதருக்கு இடமே இருக்கவில்லை.

உண்மையான வழக்கு

இறால் ஏற்றுமதியின் ஆசையால் 1960-களிலிருந்து நம் கரையில் இழுவைப்படகுகள் பெருகின. இழுவைமடி கடலடியை வாரிச் செல்கிறது. குஞ்சும் முட்டையும் பாசியும் அதிலே போகின்றன. நம் பக்கத்துக் கடல் வறண்டபின் படகுகள் கோட்டைத் தாண்டின. இதனால் முதலில் நலிந்தவர் நம் நாட்டுப்படகு மீனவரே. கோட்டைத் தாண்டிப் பிடிபடுபவருள் பலர் படகு உரிமையாளர் அல்லர்; பங்குக்கும் கூலிக்கும் சென்றவர். சிறையும் அவர்களுக்கே, குண்டும் அவர்களுக்கே.

இலங்கை 2017-இல் இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது. அதே ஆண்டில் இந்தியா, பாக்கு நீரிணைப் படகுகளை ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாற்றும் திட்டத்தைத் தொடங்கியது. அது எதிர்பார்த்த வேகத்தில் நடைபெறவில்லை. நாளையே கச்சத்தீவு நம் கைக்கு வந்தாலும், அதைக் கடந்து நெடுந்தீவின் கரையருகே செல்லும் இழுவைப்படகுகளின் சிக்கல் தீராது. 1974-இன் அநீதி உண்மையானது. அதனை மறக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்த அநீதியை நாம் நம்முடைய தவறுக்குத் திரையாக்கிவிடலாகாது.

2014-இல் சென்னையிலும் கொழும்பிலும் இருநாட்டு மீனவர் நேருக்கு நேர் அமர்ந்து பேசினர். முடிவு எட்டவில்லை. ஆயினும் அதுவே சரியான வழி என்று நம்புகிறேன். பேசுபவர் இருவரும் ஒரே மொழியினர். பெரும்பாலும் ஒரே விசுவாசத்தினர்.

சாலமோனின் முன் வந்த இரு தாயரை நாம் அறிவோம். குழந்தையைப் பிளக்க வாள் ஓங்கியபோது, எனக்கு இல்லாவிட்டாலும் அது பிழைக்கட்டும் என்றவளே உண்மைத் தாய் என்று மன்னன் கண்டான். இன்று இரு கரைகளும் உரிமை கொண்டாடும் குழந்தை அக்கடல். அதன் அடிவயிற்றைக் கிழிப்பவர் எக்கரையினராயினும் தாயாக மாட்டார்.

இப்போது முற்றத்தில் அக்கேள்வி எழும்போது, 1921-ஐயும் 1974-ஐயும் 1976-ஐயும் சொல்லிவிட்டு, அந்த முதியவரின் கேள்வியையும் சேர்த்தே சொல்கிறேன். கேட்டவர் சிறிது நேரம் மௌனமாக நிற்கிறார். அந்த மௌனம் நல்லது. அடுத்த தவக்காலத்தில் அந்தோனியார் தேரை இழுக்கும் கைகளுள் இக்கரைக் கைகளும் அக்கரைக் கைகளும் ஒரே வடத்தைப் பற்றியிருக்கும். அக்கைகள் திருவிழா முடிந்து கடலுக்குத் திரும்பும்போதும் ஒன்றையொன்று அறிந்துகொள்ள வேண்டும் என்பதே என் மன்றாட்டு.