முள்ளும் திரையும்

நம் பக்கத்து அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளத்தில் 1992 முதல் ரஷ்யாவின் டியூ-142 விமானங்கள் இருந்தன. விமானி முன்னால் வரிசை வரிசையாக முள் டயல்கள். 2013-ல் திரைகள் பொருத்திய பி-8ஐ வந்தது. 2017 மார்ச் 29-ல் டியூ-142 ஓய்வு பெற்றது. பழையது போய்ப் புதியது வருவது உலக வழக்கம்தான்.

விமானப்படையில் பயிலும் பிள்ளைகளுக்கு நடந்தது தலைகீழ். அதே 2013 முதல் ஐதராபாத் அருகே துண்டிக்கலில் அவர்கள் பழகியது ஸ்விட்சர்லாந்து தயாரிப்பான பிலாட்டஸ். வேகம், உயரம், திசை எல்லாம் திரையில். அதில் தேறிப் போர் விமானப் பிரிவுக்குப் போனவர்களுக்குக் காத்திருந்தது கிரண்: பெங்களூரு எச்.ஏ.எல். உருவாக்கி, 1964-ல் முதன்முதலாகப் பறந்த ஜெட். மறுபடியும் முள்!

இதில் என்ன கஷ்டம்? திரை எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்துக் கொடுத்துவிடுகிறது. டயலில் அந்தச் சேர்க்கையை விமானியின் மண்டைதான் செய்ய வேண்டும். நடுவில் செயற்கைத் தொடுவானம். உள்ளே சுழலும் பம்பரத்தால் அது நிலை மாறாமல் நிற்கும். கண் அதிலிருந்து வேகமானிக்குப் போய்த் திரும்ப வேண்டும். பிறகு உயரமானி, மீண்டும் தொடுவானம். கணினியில் மட்டுமே பழகிய இளைஞர்கள் மின்சாரம் போனதும் பேரேட்டைப் புரட்டி விழித்ததை நான் அலுவலகத்தில் கண்டதுண்டு. ஆகாயத்தில் அப்படி விழிக்க நேரமில்லை.

வேகத்தை அளக்கும் குழாய்க்கு பிட்டோ குழாய் என்று பெயர். ஆன்ரி பிட்டோ என்ற பிரெஞ்சுக்காரர் 1732-ல் பாரிசின் சேன் நதி நீரோட்டத்தை அளக்கச் செய்தது. முள்ளானாலும் திரையானாலும் வேகம் தெரிவது அந்தக் குழாயால்தான்.

2009 ஜூன் 1 அன்று ரியோவிலிருந்து பாரிசுக்குப் பறந்த ஏர் பிரான்சு 447-ல் அந்தக் குழாய்களைப் பனித்துகள்கள் அடைத்தன. தானியங்கி விலகிக்கொண்டது. வேகக் கணக்கு தவறியது ஏறக்குறைய ஒரு நிமிடம்தான். தொடுவானம் கடைசிவரை சரியாகவே காட்டியது. மூக்கை அளவோடு வைத்து, எஞ்சின் விசையை மாற்றாமல் விட்டிருந்தால் போதும். துணை விமானியோ மூக்கைத் தூக்கினார். தானியங்கி விலகிய நாலரை நிமிடத்துக்குள் விமானம் அட்லாண்டிக்கில் விழுந்தது. 228 பேரும் மாண்டனர்.

2012 ஜூலையில் வந்த விசாரணை அறிக்கையைப் பிரெஞ்சிலேயே படித்தேன், பள்ளியில் படித்த மொழி அதற்காவது உதவியது. அதிக உயரத்தில் கையால் ஓட்டும் பயிற்சி அவர்களுக்குத் தரப்படவில்லை என்று அதில் எழுதியிருக்கிறது.