தோட்டாவைத் தேடும் துப்பாக்கி

ஆஸ்திரியாவில் ஸ்டையர் என்றோர் ஊர். துப்பாக்கித் தொழிலுக்குப் பேர் போனது. அங்கே மான்லிகர், ஷோனாவர் என்ற இருவர் உருவாக்கிய துப்பாக்கியை 1903-இல் கிரேக்க இராணுவம் ஏற்றுக்கொண்டது. வேட்டைக்காரர்களும் அதை விரும்பினார்கள். ஆப்பிரிக்காவில் யானை வேட்டையாடிய பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரரும் அதைக் கையாண்டார்.

அதன் சிறப்பு வயிற்றுக்குள் இருக்கிறது. ஐந்து தோட்டாக்கள் ஓர் உருளையைச் சுற்றி அமர்ந்திருக்கும். தாழ்ப்பாளை இழுத்துத் தள்ளினால் உருளை சுழன்று, அடுத்த தோட்டாவை மேலே கொண்டுவரும். நெய் தடவியதுபோன்ற ஓட்டம்!

ஆனால் அந்த உருளை ஒரே அளவுக்கு வெட்டப்பட்டது. 54 மில்லிமீட்டர் நீளப் பித்தளைக் கூடு; அதன் வாயில் சுமார் 6.7 மில்லிமீட்டர் தடிப்பில், முனை மழுங்கிய நீண்ட குண்டு. எடை பத்துக் கிராமுக்குச் சற்று மேல். அந்த நீளத்தால்தான் குண்டு ஆழப் பாயும். குட்டையான கூர்முனைக் குண்டை வைத்தால் தோட்டா ஏறாமல் சிக்கிக்கொள்ளலாம்.

1972-இல் இத்துப்பாக்கியின் உற்பத்தி நின்றது. தோட்டாவும் கடைகளில் அரிதாயிற்று. தோட்டா இல்லாத துப்பாக்கி வெறும் ஊன்றுகோல்தானே! ஆகவே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதை வைத்திருப்பவர்கள் பலர் சுட்ட கூட்டை எறிவதில்லை. அதை அச்சிலிட்டுப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, அடியில் தீப்பற்றும் கேப்பைப் புதிதாகப் பதித்து, வெடிமருந்தை நுண்தராசில் நிறுத்து இட்டு, குண்டைப் பொருத்துகிறார்கள். (நம் நாட்டில் உரிமமின்றித் தோட்டா வைத்திருப்பதே பெருங்குற்றம்.)

மருந்து மிகுந்தால் சுடுபவர் முகத்துக்கே ஆபத்து. வேகத்துக்கு ஆசைப்பட்டு இந்தக் கிழத் துப்பாக்கியை வதைப்பது அறிவீனம் என்போம். பழைய அளவே அதற்குப் போதும். அளவாக மருந்திட்ட கூடு பலமுறை உழைக்கும். கழுத்தில் வெடிப்புக் கண்டால் கழித்துவிடுகிறார்கள்.